ஆலைக் கமிட்டிகளுக்கு உயிர் உண்டா?

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21ந் தேதியன்று, நமது நாட்டுத் தொழிலாளர் சம்பந்தமான 29 பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு புதிய சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தனர். அன்று தொடங்கி நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் நடந்து வருகின்றன. ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் அனுமதி பெற வேண்டிய எல்லையை 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்தியது நியாயமா? எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது தகுமா? இவையே மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அடிபடும் கேள்விகள். இவை முக்கியமானவை என்பதில் சந்தேகமில்லை. தொழிற்சங்கங்கள் கொண்டுள்ள அச்சம் ஆதாரமற்றதென்று நாம் கூறோம். ஆயினும், இந்தப் பெருங் கூச்சலின் நடுவே, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் முன்பகுதியில் அடக்கமாக இருக்கும் இரண்டு ஷரத்துக்களை நண்பர்களும் விரோதிகளும் ஒருங்கே மறந்துவிட்டனர் என்பதைச் சுட்டிக்காட்டுவது நமது கடமையாகிறது.

அந்த இரண்டில் ஒன்று 3-வது பிரிவு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் முதலாளியின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சேர்ந்த ஆலைக் கமிட்டி ஒன்றை அமைக்குமாறு சர்க்கார் உத்தரவிடலாம் என்கிறது அது. மற்றொன்று 4-வது பிரிவு. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஒவ்வொரு ஸ்தாபனத்திலும், இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து தனிமனிதரின் குறைகளை விசாரிக்கும் குறைதீர்க்கும் கமிட்டி இருந்தே தீர வேண்டும் என்று அது விதிக்கிறது. அங்கத்தினர் பத்துப் பேருக்கு மேற்படலாகாது. தலைமைப் பதவி வருஷத்திற்கொரு முறை இரு தரப்பாருக்கும் மாறி மாறி வர வேண்டும். ஆலையில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அந்த விகிதத்திற்குக் குறையாமல் கமிட்டியிலும் இருக்க வேண்டும். விசாரணை 30 நாளில் முடிய வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதியாமல் எந்தத் தீர்ப்பும் செல்லாது. காகிதத்தில் பார்த்தால் இஃதொரு நல்ல ஏற்பாடு. காகிதத்தை விட்டு இறங்கி ஆலைக்குள் இது நடக்குமா என்பதே நமது கேள்வி.

இந்தக் கேள்வி தொழிலாளருக்கு மட்டும் உரியதென்று எவரும் நினைக்க வேண்டாம். ஒரு மனிதன் தன் வேலையில் கையை மட்டும் ஈடுபடுத்துகிறானா, மனத்தையும் ஈடுபடுத்துகிறானா என்பதில்தான் ஒரு தேசத்தின் கைத்தொழில் நிமிர்வதும் சாய்வதும் இருக்கிறது. கம்பெனி நிர்வாகிகள் இக்காலத்தில் ‘ஊழியர் ஈடுபாடு’ என்ற சொல்லை மந்திரம் போல் ஜபித்து வருகிறார்கள். இச்சொல்லுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் வில்லியம் கான் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1990-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவர் மூன்று நிபந்தனைகளைக் கூறினார். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்கிறதென்று ஒருவன் உணர வேண்டும். மனத்தில் உள்ளதைச் சொன்னால் தனக்குத் தீங்கு நேராதென்ற தைரியம் வேண்டும். வேலையில் செலுத்துவதற்கு உடலிலும் உள்ளத்திலும் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் மனிதன் உடலைக் கொண்டுவந்து நிறுத்துவான். உள்ளத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருவான்.

உலகம் இவ்விஷயத்தில் எந்த நிலையில் இருக்கிறது? பல நாடுகளிலும் வேலை செய்வோரை வருஷந்தோறும் விசாரித்துக் கணக்கெடுக்கும் கேலப் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 2025-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, மனமொன்றி வேலை செய்பவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். முந்திய வருஷத்துக் கணக்கில் இது 23 ஆக இருந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, பிறரை மேய்க்கும் நிர்வாகிகளிடையே இந்த ஈடுபாடு 30-லிருந்து 27-ஆகச் சரிந்ததாகும். ஓட்டுகிறவனுக்கே உற்சாகமில்லாத வண்டியில் மாடுகள் மட்டும் உற்சாகமாக இழுக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது எப்படி? இந்த நோய்க்கு முதலாளிகள் கண்டுபிடித்திருக்கும் மருந்து விருந்துகளும் விளையாட்டுப் போட்டிகளும் சுவரில் ஒட்டும் வாசகங்களும். இவற்றால் தீங்கொன்றுமில்லை. ஆனால், பசித்தவனுக்கு விசிறி எடுத்து வீசுவது போன்ற உபசாரம் இது. தொழிலாளி கேட்பது விருந்தன்று. தன்னைப் பற்றிய விஷயங்களில் தன்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே.

தமிழ்நாட்டாருக்கு இது புதிய பாடமன்று. 1908-ம் வருஷத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டது கூலி உயர்வு மாத்திரமன்று. ஓய்வு நாளும் வேலை நேரக் குறைப்பும் கேட்டார்கள். தாங்களும் மனிதர்கள் என்பதே அந்தக் கோரிக்கைகளின் சாரம். பத்து வருஷங்களுக்குப் பின், 1918 ஏப்ரல் 27ந் தேதி, சென்னையில் பின்னி கம்பெனி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால் எழுந்த அச்சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமென்று பெயர் பெற்றது. நண்பகல் உணவை நிதானமாக உண்பதற்குக்கூட நேரமில்லை என்பது அன்றைய தொழிலாளரின் முறையீடுகளில் ஒன்று. நிர்வாகம் அம்முறையீட்டைக் காதில் வாங்கித் தீர்த்திருந்தால் செலவு என்ன? சில நிமிஷங்கள். வாங்காததால் வந்தது என்ன? வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஹைகோர்ட்டு வழக்கு, சங்கத் தலைவர்கள் மீது தடையுத்தரவும் நஷ்டஈடும். அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. குறையைக் கேட்க மறுத்தவர்களே சட்டத்தை வரவழைத்தார்கள் என்பது சரித்திரம்.

சுதந்திரம் வந்த பின்னரும் இவ்விஷயத்தில் நம்மவர்கள் வாக்குறுதிகளுக்குக் குறைவு வைக்கவில்லை. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே ஆலைக் கமிட்டி பற்றிய ஷரத்து இருந்தது. 1958-ல் கூட்டு நிர்வாக சபைகள் என்றொரு திட்டம் வந்தது. 1975-ல் 500 பேருக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளுக்கென்று வேறொரு திட்டம் வந்தது. 1976-ம் வருஷத்தில் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே 43-அ என்னும் விதி சேர்க்கப்பட்டு, தொழில்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கு பெறுவதற்கு ராஜ்யம் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 1983-ல் சர்க்கார் தொழில்களுக்கு மற்றொரு திட்டம். 1990-ல் ராஜ்ய சபையில் ஒரு மசோதா. அது சட்டமாகவே இல்லை. இத்தனை திட்டங்களின் பலன் என்ன? 1969-ம் வருஷத்திலேயே, கஜேந்திரகட்கர் தலைமையில் அமைந்த தேசியத் தொழிலாளர் கமிஷன், ஆலைக் கமிட்டிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று கண்டது. அதன் பின் கழிந்த காலமும் அம்முடிவை மாற்றவில்லை.

ஏன் இவை உயிரற்றுப் போயின என்பதை நிஷ்பக்ஷபாதமாக ஆராய்வோமாக. முதலாவது, இக்கமிட்டிகளுக்கு ஆலோசனை கூறும் உரிமை இருந்ததேயன்றி, அந்த ஆலோசனையை ஏற்காவிடில் காரணம் கூற வேண்டிய கடமை நிர்வாகத்திற்கு இருக்கவில்லை. தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், சிற்றுண்டிச் சாலை ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடும்; உற்பத்தி முறை, பதவி உயர்வு, பயிற்சி ஆகியவை கமிட்டியின் வாசலைக்கூட மிதிக்கா. இரண்டாவது, பல இடங்களில் பிரதிநிதிகளைத் தொழிலாளர் தேர்ந்தெடுக்கவில்லை. நிர்வாகம் பொறுக்கி எடுத்தது. மூன்றாவது, தொழிற்சங்கத் தலைவர்களில் சிலர் இக்கமிட்டிகளைத் தங்கள் செல்வாக்குக்குப் போட்டியென்று கருதி ஒதுக்கி வைத்தார்கள். நான்காவது, சர்க்கார் உத்தரவு போட்டதோடு நின்றுவிட்டனர். கமிட்டி கூடிற்றா, என்ன பேசிற்று, என்ன தீர்த்தது என்று கேட்பவர் இல்லை. முதலாளி, தலைவர், சர்க்கார் ஆகிய மூவரும் இதில் குற்றவாளிகளே.

“தொழிலாளியைக் கலந்து ஆலை நடத்துவது நடைமுறையில் சாத்தியமா?” என்று கேட்போருக்கு நாம் இரண்டு உதாரணங்களைக் காட்டுவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு மோட்டார் கார் தொழிற்சாலை இருந்தது. தகராறுகளுக்கும் முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராதோர் தொகைக்கும் பேர்போன அந்த ஆலை 1982-ம் வருஷத்தில் மூடப்பட்டது. இரண்டு வருஷங்களுக்குப் பின், ஜப்பானிய டொயோட்டா கம்பெனி கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. புதிய தொழிலாளரைத் தேடி அலையவில்லை. எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. அவர்களுடைய பழைய சங்கத்தையே அங்கீகரித்தது. ஆனால் முறையை மாற்றியது. வேலையில் பிழை கண்டால் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற அதிகாரம் கொடுத்தது. சிறு குழுக்களாகச் சேர்ந்து தங்கள் வேலையைத் தாங்களே சீர்திருத்திக்கொள்ள விட்டது. வேலைக்கு வராதோர் தொகை நூற்றுக்கு 20 என்றிருந்தது மிகச் சொற்பமாகக் குறைந்தது. கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஏறக்குறைய ஈடாயிற்று. ஆட்கள் அதே ஆட்கள். மாறியது நடத்திய விதமே. தொழிலாளி சோம்பேறி என்ற பழைய பல்லவியைப் பாடுவோர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

மற்றொரு உதாரணம் ஜெர்மனி. அங்கே ஆலைத் தொழிலாளர் சபைகளுக்கு 1920-ம் வருஷத்திலேயே சட்டம் வந்தது. 1976-ம் வருஷத்துச் சட்டப்படி, 2000 பேருக்கு மேற்பட்ட ஊழியர் உள்ள கம்பெனிகளின் மேற்பார்வை சபையில் பாதி இடம் ஊழியரின் பிரதிநிதிகளுக்கு உரியது. வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் சபைத் தலைவரின் இரண்டாவது வாக்கே தீர்மானிக்கும். அத்தலைவர் நடைமுறையில் பங்குதாரர் தரப்பினராகவே இருப்பார். ஆகவே அங்கே முதலாளியின் கை முற்றிலும் கட்டுண்டு போகவில்லை. அதே சமயம் தொழிலாளிக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவும் முடியாது. இந்த ஏற்பாட்டினால் ஜெர்மனியின் கைத்தொழில் அழிந்துபோகவில்லை என்பதை உலகறியும். இவ்விரண்டு நாடுகளிலும் எல்லாம் பரிபூரணமென்று நாம் சொல்ல வரவில்லை. பிரிமாண்ட் ஆலையும் 2010-ல் மூடப்பட்டது. அங்கே கற்ற பாடத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசெல்லப் பல வருஷங்கள் தடுமாறிற்று. நல்ல முறை ஒன்றைக் கண்ணால் பார்த்தும் கைக்கொள்ள மனமில்லாதவர்கள் கடலுக்கு அப்பாலும் உண்டு.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். இந்தியாவிலேயே அதிகமான தொழிற்சாலைகள் உள்ள ராஜ்யம் தமிழ்நாடு. நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் இங்கேயே இருக்கிறார்கள். இது நமக்குப் பெருமை. பெருமையோடு பொறுப்பும் வருகிறது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் கம்பெனியின் கைத்தொலைபேசி ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் கெட்டுப்போன உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். தோழிகளின் கதி என்னவாயிற்றென்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின, பிறகு விடுதிகள் சீர்திருத்தப்படுமென்று வாக்குறுதிகள் வந்தன. உணவைப் பற்றியும் உறைவிடத்தைப் பற்றியும் அப்பெண்கள் அச்சமின்றிச் சொல்வதற்கும், சொன்னதைக் கேட்டு நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுப்பதற்கும் ஆலைக்குள்ளே நம்பத்தக்க வழியொன்று இருந்திருந்தால், அவர்கள் நள்ளிரவில் சாலைக்கு வந்திருப்பார்களா? உள்ளே கேட்காத குறை வெளியே வந்தே தீரும்.

2024-ம் வருஷத்து ஸாம்ஸங் வேலைநிறுத்தமும் இதே பாடத்தை வேறொரு விதத்தில் கற்பித்தது. சுங்குவார்சத்திரத்திலுள்ள அந்த ஆலையின் தொழிலாளர் செப்டம்பர் 9ந் தேதி தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன. ஆனால் தலையான கோரிக்கை தங்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நிர்வாகம் ஒரு தொழிலாளர் கமிட்டியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கமிட்டி தங்கள் சார்பில் பேசவில்லை என்றார்கள். முடிவில், 2025 ஜனவரி மாதத்தில் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மே மாதத்தில் ஊதிய உடன்பாடும் ஏற்பட்டது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? கமிட்டி என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடாது. தொழிலாளர் தாமாகத் தேர்ந்தெடுத்த பிரதிநிதியின் கையெழுத்தே தொழிலாளரைக் கட்டும். மற்றதெல்லாம் வெறும் மை.

இனி, பதவி உயர்வு என்னும் விஷயத்தைக் கவனிப்போம். தொழிலாளியின் குறைகளில் வெளியே அதிகம் பேசப்படாததும் உள்ளே அதிகம் புண்படுத்துவதும் இதுவே. பத்து வருஷம் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவன், நேற்று வந்தவன் தனக்கு மேலாளாவதைக் காண்கிறான். அவன் தகுதியுள்ளவனாயின் தாழ்வில்லை. எந்தத் தகுதியினால் என்று எவரும் சொல்லாததே அவன் நெஞ்சை அறுக்கிறது. மற்றொரு பக்கம், நல்ல வேலைக்காரன் என்பதற்காகவே ஒருவனை மேற்பார்வையாளனாக்கி, நல்ல வேலைக்காரனை இழந்து, மட்டமான மேற்பார்வையாளனைப் பெறுவதும் நடக்கிறது. லாரன்ஸ் பீட்டர் என்பவர் ரேமண்டு ஹல்லுடன் சேர்ந்து 1969-ம் வருஷத்தில் எழுதிய புத்தகத்தில் இதைப் பரிகாசமாகச் சொன்னார்: ஒவ்வொருவனும் தனக்குத் தகுதியில்லாத பதவியை எட்டும் வரையில் உயர்த்தப்படுகிறான் என்று. பரிகாசம் என்று எண்ணப்பட்ட அது, 2019-ம் வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகளின் விற்பனை ஊழியரைப் பற்றி வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் உண்மையென்று ஊர்ஜிதமாயிற்று. அதிகமாக விற்றவர்களையே கம்பெனிகள் தலைவர்களாக்கின. ஆனால் அவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. தன் கைத்திறன் வேறு, பிறர் கைத்திறனை வளர்க்கும் திறன் வேறு என்பதை மறந்ததன் பலன் இது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. கைத்திறனில் சிறந்தவனுக்குக் கைத்திறனிலேயே உயர்ந்த படியும் உயர்ந்த சம்பளமும் வேண்டும்; மதிப்புப் பெறுவதற்காக அவன் மேற்பார்வைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கலாகாது. பிறரைப் பழக்கும் பொறுமையும் நியாய புத்தியும் உள்ளவனைக் கண்டெடுத்து, பதவி கொடுக்கும் முன்னரே பயிற்சி கொடுத்து, பின்னர் தலைமையில் அமர்த்த வேண்டும். எந்தப் படிக்கு என்ன தகுதி, எவ்வளவு காலம், எந்தப் பரீக்ஷை என்பதைத் தமிழில் எழுதி ஆலை வாசலில் தொங்கவிட வேண்டும். விதி தெரிந்தால் தோற்றவனும் சமாதானமடைவான். விதி தெரியாவிடில் வென்றவன் மீதும் சந்தேகம் விழும். புதிய சட்டப்படி நிலையாணைகள் 300 பேருக்குக் குறைந்த ஆலைகளுக்குக் கட்டாயமல்ல. முன்பு மத்தியச் சட்டத்தில் அந்த எல்லை 100 ஆக இருந்தது. ஆகவே நடுத்தர ஆலைகளில் எழுதப்பட்ட ஒழுங்கு விதிகள் அற்றுப்போகும் அபாயமிருக்கிறது. அங்கே குறைதீர்க்கும் கமிட்டி ஒன்றே தொழிலாளிக்கு மிஞ்சிய புகலிடம். இதனால்தான் அந்த 4-வது பிரிவை நாம் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இரண்டு வகையார் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர். தொழிற்சாலைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் இப்போது காண்டிராக்டர் மூலம் வருபவர்கள். அதே இயந்திரம், அதே வேலை, ஆனால் அவர்களுக்கு ஏறுவதற்குப் படி இல்லை, ஏணியே இல்லை. இவர்களிடம் ஈடுபாட்டை எதிர்பார்ப்பது வாடகை வீட்டுக்காரனிடம் மரம் நடச் சொல்வதை ஒக்கும். மற்றவர் மேற்பார்வையாளர். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியல்லர். மேலேயுள்ளவர் உத்தரவும் கீழேயுள்ளவர் கோபமும் ஒருங்கே அவர் தலையில் இறங்குகின்றன. அவருடைய குறையைக் கேட்பதற்கு எந்தக் கமிட்டியும் இல்லை. 2025-ம் வருஷத்தில் டி. சி. எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அவர்களில் அநேகர் நடுத்தர, உயர்தர உத்தியோகஸ்தர்களே என்பதையும் நினைவுகூர்வோம். படித்த உத்தியோகஸ்தர்கள் இதுகாறும் தொழிலாளர் பிரச்சினையைப் பிறர் வீட்டுச் சண்டையென்று எண்ணி வந்தார்கள். நெருப்புக்கு வீட்டு வேறுபாடு தெரியாது.

முதலாளிகள் கூறும் ஆக்ஷேபங்களையும் நாம் புறக்கணிக்க விரும்பவில்லை. தொழில் இரகசியங்கள் வெளியாகிவிடும் என்கிறார்கள். பதவி உயர்வு விதியிலும் உணவு விடுதியிலும் பாதுகாப்புக் கவசத்திலும் என்ன இரகசியம்? கமிட்டியைக் கூட்டிப் பேசினால் காரியம் தாமதமாகும் என்கிறார்கள். 37 நாள் வேலைநிறுத்தத்தைவிட மாதத்திற்கு ஒரு மணி நேரப் பேச்சு நீண்டதா? வெளியார் புகுந்து அரசியல் செய்வார்கள் என்கிறார்கள். இதில் ஒரளவு வாஸ்தவம் உண்டு. ஆனால் வெளியாருக்கு வாசலைத் திறந்துவிடுவது எது? உள்ளே பேசத் துணிந்தவனைச் சிட்சிப்பதே. பேசியவன் வேலை போகுமென்றால், வேலை போகும் பயமில்லாத வெளியாரைத்தான் தொழிலாளி நாடுவான்.

தொழிற்சங்க நண்பர்களுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்வதற்கு உரிமையுண்டு. அவர்களுடைய போராட்டங்களில் நாம் என்றும் அக்கறை கொண்டவர்களே. சங்க நிர்வாகத்தில் வெளியார் மூன்றிலொரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேற்படலாகாது என்று சட்டம் கூறுகிறது. இதைத் தடையென்று கருத வேண்டாம், கடமையென்று கருதுங்கள். ஆலைக்குள்ளிருந்தே தலைவர்களை உண்டாக்குங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், உற்பத்தி முறையைப் புரிந்துகொள்ளவும், எதிர்த்தரப்பாரின் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டுப் பதில் கூறவும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுங்கள். குறைதீர்க்கும் கமிட்டியைப் போட்டியென்று ஒதுக்காமல், அந்தப் பயிற்சிக்குரிய பள்ளிக்கூடமாகக் கொள்ளுங்கள். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் சமரச அதிகாரியிடம் செல்லச் சங்கத்திற்கு வழியிருக்கிறது. ஆகவே கமிட்டியில் அமர்வதனால் போராடும் உரிமை பறிபோய்விடாது.

கடைசியாக, தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியதையும், தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததன் பேரில் மே தினத்தன்று அது வாபஸ் வாங்கப்பட்டதையும் ஜனங்கள் மறக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களை முதலில் கேட்டு, பிறகு சட்டம் செய்வதே சிக்கனம் என்பதை அந்த அனுபவம் கற்பித்தது. அந்தப் பாடத்தை இப்போது உபயோகிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். 100 பேருக்கு மேற்பட்ட எல்லா ஆலைகளுக்கும் ஆலைக் கமிட்டி அமைக்கப் பொது உத்தரவு பிறப்பிக்கட்டும். பிரதிநிதிகள் இரகசிய வாக்கெடுப்பினால் தேர்ந்தெடுக்கப்படட்டும். எத்தனை குறைகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, எத்தனை நாளில் தீர்ந்தன என்பதை ஒவ்வொரு ஆலையும் வருஷந்தோறும் வெளியிடட்டும். கமிட்டி கூறும் யோசனையை ஏற்காத நிர்வாகம் எழுத்து மூலம் காரணம் கூறட்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் குறைகளையும், அவர்கள் எவ்வாலையில் உழைக்கிறார்களோ அவ்வாலையின் நிர்வாகமே கேட்பதற்கு ஏற்பாடு செய்யட்டும். பெண்கள் பேரளவில் வேலை செய்யும் ஆலைகளில், அவர்கள் தங்கும் விடுதிகளின் நிலைமையும் இக்கமிட்டியின் விசாரணைக்குள் வரட்டும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

ஐந்து வருஷத்திற்கொரு முறை நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் யோக்கியதை உள்ளவனென்று ஒரு தொழிலாளியை நமது அரசியல் சட்டம் மதிக்கிறது. அதே மனிதன் ஆலை வாசலைத் தாண்டியதும், தன் உணவைப் பற்றியும் தன் உயர்வைப் பற்றியும் வாய் திறக்க யோக்கியதை அற்றவனாகிவிடுகிறானா? சாவடியில் பிரஜை, ஆலையில் ஊமை என்ற இந்த இரட்டை வாழ்வு நீடிக்குமளவும் நமது சுதந்திரம் பாதி வழியில் நிற்பதாகவே கொள்ள வேண்டும். 1918-ல் உணவு வேளைக்காக வாதாடியவர்களின் பேரர்கள் இன்று உலகத்திற்கே கருவிகள் செய்து கொடுக்கிறார்கள். அவர்களுடைய கைகளை உலகம் அறிந்துகொண்டது. அவர்களுடைய கருத்தையும் கேட்கும் நாள் எப்போது என்பதை, அந்த 4-வது பிரிவை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே காட்டும்.